மாடியில் மட்டும் வலி

திருவண்ணாமலையில் இன்முகம் மருத்துவமனை என்று ஒன்று உண்டு. எந்தத் தெரு என்று சொன்னால் வழக்குப் போடுவார்கள். சொல்லாமல் விட்டால் விளம்பரம் போய்விட்டதே என்று வருத்தப்படுவார்கள். பேருந்து நிலையத்துக்கும் மலைக்கும் நடுவில் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மருத்துவமனையில் வலியை ஒழித்துவிட்டார்கள். நோயை ஒழிக்க இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

நான் கேலி செய்வதாக நினைக்க வேண்டாம். தரக்குழு ஒன்று வருஷாவருஷம் நேரில் வந்து, சுற்றிப் பார்த்து, சால்வை போர்த்திக்கொண்டு, 'வலியில்லா மருத்துவமனை' என்ற பட்டத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறது. வாசலில் ஆளுயரப் பலகை: "இங்கே வலி இல்லை." அதன் கீழே ஒரு பெண் பல் தெரியச் சிரிக்கிறாள். அவள் யார், எந்த நோய்க்கு வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. ஏதோ பற்பசைக்காகச் சிரித்தவள் என்பது என் சந்தேகம்.

பாஞ்சாலை அந்தப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தபடி படியேறினாள். கீழ்பென்னாத்தூர் பக்கம் நெல்லும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். ஐம்பதைத் தாண்டியவள். மாதவிலக்கு நின்று வெகுநாள் ஆகி, அந்தத் தொல்லை விட்டது என்று இருந்தவளுக்குத் திடீரென்று மறுபடி உதிரம் பட்டது. உள்ளூர் டாக்டர், "கர்ப்பப்பையிலேர்ந்து துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிடணும்மா. புத்து கித்து இருக்குதான்னு பாக்கத்தான்" என்றார். குடை எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்கிற குரலில் சொன்னார். அன்றிலிருந்து பாஞ்சாலைக்குச் சோறு இறங்கவில்லை. எடுத்துப் பார்த்தால் என்ன வருமோ என்பது ஒரு பயம். எப்படி எடுப்பார்களோ என்பது இன்னொரு பயம். முதல் பயத்தை யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாவதைப் பற்றி எதிர்ப்பட்ட எல்லோரையும் கேட்டாள். யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை, பேச்சை மாற்றினார்கள்.

துணைக்குக் கணவர் வந்திருந்தார். பெயர் சகாதேவன். பாஞ்சாலைக்குக் கிடைத்தவர் அந்த ஒருவர்தான் என்றாலும் மற்ற நான்கு பேருக்கும் சேர்த்து அவரே பேசுவார். "இன்னாமே, இதுக்குப் போயி பயந்துக்கினு. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்ளோதான்" என்று பேருந்து ஏறியதிலிருந்து தைரியம் சொல்லிக்கொண்டே வந்தவர், மருத்துவமனையின் கடைசிப் படியில் கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டார். நகம் பாதி பெயர்ந்தது. அவர் போட்ட சத்தத்தில் வாசலிலிருந்த ஆட்டோக்காரர்கள் எழுந்து நின்றார்கள்.

உடனே சக்கர நாற்காலி வந்தது. பொது அறுவைப் பிரிவில் படுக்க வைத்தார்கள். ஓர் இளம் டாக்டர் ஓடிவந்து, "ஐயா, அசையாதீங்க. மரத்துப்போற ஊசி போட்டுட்டுத்தான் நகத்தைத் தொடுவேன். இல்லன்னா உயிர் போயிடும்" என்றார்.

"நகத்துக்கா சார்?" என்று பாஞ்சாலை கேட்டாள்.

"நகம்னா இன்னாம்மா? நரம்பு இருக்குதில்ல, மனுசனுக்கு?"

ஊசி போட்டார்கள். நகம் வந்தது. சகாதேவன் கூரையைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணுமே தெரியலமே. மகராசன், தங்கக் கை" என்றார். பாஞ்சாலைக்குப் பல நாள் கழித்து மூச்சு சீராக வந்தது. ஒரு நகத்துக்கே இவ்வளவு செய்கிறவர்கள் கர்ப்பப்பைக்கு எவ்வளவு செய்வார்கள் என்று கணக்குப் போட்டாள். கணவரை அங்கேயே விட்டுவிட்டு, இப்போதே போய்விட வேண்டும், தைரியம் தீர்வதற்குள் போய்விட வேண்டும் என்று மகளிர் பிரிவுக்கு நடந்தாள்.

மகளிர் பிரிவின் வாசலில் நந்தினி உட்கார்ந்திருந்தார். அவருக்கு 'நலவுணர்வு அலுவலர்' என்று பதவி. நன்றாகப் படித்த, அன்பான பெண். பாஞ்சாலை அவரிடம் குனிந்து கேட்டது ஒரே கேள்விதான்.

"மேடம், ரொம்ப வலிக்குங்களா?"

பிரிவு முழுவதும் அப்படியே நின்றது. நந்தினி உதட்டில் விரலை வைத்தார். "அந்த வார்த்தைய இங்க சொல்லக் கூடாதும்மா. அது மாடில. கீழ சொல்றது அசௌகரியம்."

"அசவு..."

"அ-சௌ-க-ரி-யம்."

"அசவுரியம் ரொம்ப வலிக்குங்களா?"

இரண்டாம் முறையாகச் சொல்லிவிட்டாள். இனி நந்தினியால் ஒன்றும் செய்ய முடியாது, விதி அப்படி. அந்த மருத்துவமனையில் வலி என்றால் பிரசவ வலி. பிரசவ வார்டு மாடியில் இருக்கிறது. ஆகவே வலி என்று வாய்விட்டுச் சொன்ன பெண் மாடிக்குப் போயாக வேண்டும். இதில் டாக்டர் முதல் துடைப்பக்காரர் வரை யாருக்கும் குழப்பம் கிடையாது. வார்டு ஆள் ஒருவர் தள்ளுவண்டியோடு வந்து, "வலிங்களா? ஏறுங்கம்மா" என்று பாஞ்சாலையைப் படுக்க வைத்து லிஃப்டில் ஏற்றினார். "நான் சும்மா கேட்டேங்க" என்று அவள் சொன்னது லிஃப்டின் கதவுக்குள் மாட்டிக்கொண்டது.

மாடி வேறு உலகமாக இருந்தது. அங்கே வலிக்கு அவ்வளவு மரியாதை. தலைச்சன் பிள்ளைக்காரி ஒருத்தியை நர்ஸ் ரேவதி தாழ்வாரத்தில் நடக்கவிட்டுத் திட்டிக்கொண்டிருந்தார். "இன்னாமா நீ, காலைல வந்து படுத்தே, இன்னும் வலியக் காணோம்? வலி நல்லா ஜாஸ்தியா வரணும். இவ்ளோ கம்மியா வந்தா எப்பிடி?" அந்தப் பெண் குற்றம் செய்தவளாகத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். பக்கத்து அறையில் யாரோ ஓலமிட்டாள். ரேவதி காது கொடுத்துக் கேட்டு, "ஆங், அது வலி" என்று பாராட்டினார். பாஞ்சாலை தள்ளுவண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தினியாவது மாசம்மா?"

"மாசம் இல்லீங்க. எனக்கு நின்னு வெகுநாளாச்சு. பேரப்பிள்ள எடுத்துட்டேன்."

"அப்ப வலி?"

"வலி இன்னும் வரலீங்க. வருமான்னு கேட்டேன்."

ரேவதி டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், குழாய் வைத்துக் கேட்டார். குழந்தை இல்லை என்று தெரிந்ததும் அவருடைய முகத்தில் வருத்தம் இருந்தது. மருத்துவப் பாடத்தின்படி அவர் தீர்ப்புச் சொன்னார்: "பொய் வலி." பிறகு இரக்கத்தோடு விளக்கவும் செய்தார். "குழந்தை வந்தா நெஜ வலி. குழந்தை வரலன்னா பொய் வலி. கவலப்படாதீங்கம்மா, பொய் வலி யாரையும் ஒண்ணும் பண்ணாது. கீழ கூட்டிக்கினு போங்க."

இனி தனக்கு என்ன நடந்தாலும் அது பொய் என்று முடிவாகிவிட்டதை லிஃப்டில் இறங்கும்போது பாஞ்சாலை விளங்கிக்கொண்டாள்.

கீழே பெஞ்சில் உட்கார இடம் கொடுத்தவள் பெயர் வேதா. செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் பக்கம், வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை விடுகிற வீடொன்றில் சமையல் செய்கிறாள். கர்ப்பத்தடைக்கு வைத்த காப்பர்-டி எங்கேயோ உள்ளே ஏறிக்கொண்டதாம், அதை எடுக்க வந்திருந்தாள். "எங்க வீட்ல தங்கியிருக்கிற வெள்ளக்காரம்மா கிட்ட சொன்னேன்க்கா, பயமா இருக்குதுன்னு. வலிய சாட்சியா இருந்து பாரு, அது உன்னது இல்லன்னாங்க. போன வாரம் அவங்களுக்குப் பல்லு வலி. சாட்சி கீட்சி ஒண்ணும் இல்ல, கார் வெச்சுக்கினு மெட்ராசுக்கு ஓடிட்டாங்க."

பாஞ்சாலை சிரிக்க வாயெடுத்தாள். அப்போது உள்ளே மூடிய அறையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"அண்ணாமலையாருக்கு!"

"அரோகரா!" என்றது பெஞ்சு முழுவதும்.

பாஞ்சாலையும் கைகூப்பிச் சொன்னாள். இந்த ஊரில் அந்தக் குரலுக்குப் பதில் சொல்லாமல் யாராலும் இருக்க முடியாது. தூங்குகிறவன்கூட எழுந்து சொல்லிவிட்டுத் தூங்குவான். வெளியே ஆட்டோ நிறுத்தத்திலிருந்தும் இரண்டு மூன்று அரோகரா வந்தது. நல்ல பக்தியான ஆஸ்பத்திரி என்று பாஞ்சாலை மனம் குளிர்ந்தாள்.

"அண்ணாமலையாருக்கூ!" குரல் இந்தமுறை மேலே ஏறி உடைந்தது.

"அரோகரா!"

மூன்றாம் முறை, "அண்ணா..." என்பதோடு நின்றுவிட்டது. ஒரு இரும்புத் தட்டில் எதையோ வைக்கிற சத்தம். அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு வரும் ஒரு முனகல். மீதியைப் பெஞ்சே சொல்லி முடித்தது, ரொம்பத் தணிந்த குரலில். பாஞ்சாலை கூப்பிய கையை இறக்கவில்லை. அது பக்தி இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அது இன்னாது வேதா?"

"கத்தறதுதான்க்கா. ஐயோ, அம்மா, செத்தேன்னு கத்தினா குழுவோட கணக்குல அது வலியாயிடுமாம். அதான் நந்தினி மேடம் சொல்லித் தர்றாங்க. தாங்க முடியலன்னா அண்ணாமலையாருக்குன்னு கத்துங்க, அது ஆன்மிகத்துல சேந்துடும்னு."

கதவு திறந்து அந்தப் பெண் வந்தாள். சின்ன வயசு. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள், கீழுதட்டில் பல் பதிந்த இடத்தில் ரத்தம். நந்தினி அருகில் போய் அன்போடு கேட்டார். "அசௌகரியம் ஏதாவது இருந்துச்சாம்மா?" அந்தப் பெண்ணால் வாயைத் திறக்க முடியவில்லை. நந்தினி கொஞ்சம் காத்திருந்தார். பிறகு, "இல்ல" என்று அவளுக்காகத் தானே சொல்லிக்கொண்டு நகர்ந்தார்.

பாஞ்சாலை ஓடிவிடலாம் என்று எழுந்தாள். எழுந்ததும் உள்ளே இருப்பது என்னவென்று தெரியாமல் போய்விடுமே என்ற முதல் பயம் இழுத்து உட்கார வைத்தது. மறுபடி எழுந்தாள். கடைசியில் உட்காரவும் இல்லை, ஓடவும் இல்லை. நேராகப் போய் நந்தினியின் முன்னால் நின்றாள்.

"மேடம், எங்க வீட்டுக்காரருக்குக் கால் நகத்துக்குப் போட்டாங்களே, அந்த ஊசிய எனக்கும் போட்டுடுங்க."

நந்தினி விதித்தாளைப் புரட்டினார். அதற்குள் தலைமை மருத்துவர் சக்கரவர்த்தியே அந்தப் பக்கம் வந்தார். அன்றைக்குத் தரக்குழு வருகிற நாள். கையில் சால்வைப் பெட்டியோடு ஒருவரும் கேமராவோடு ஒருவரும் பின்னால் வந்தார்கள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் கோபப்படவில்லை. படிக்காத ஜனத்துக்கு அறிவியலை எடுத்துச் சொல்வதில் அவருக்கு ஒரு சந்தோஷம் உண்டு.

"பாருங்கம்மா. நம்ம மகளிர் பிரிவுல போன வருஷம் பூரா ஒருத்தர்கூட வலின்னு சொல்லல. ஏன்? வலி இல்ல. இல்லாத வலிக்கு ஊசி எதுக்கு? சரி, போடறோம்னே வைங்க. பாக்கறவன் இன்னா நெனப்பான்? ஊசி போட்டிருக்காங்க, அப்ப வலி இருக்குதுன்னு நெனப்பான். ஒருத்தருக்குப் போட்டா ஒருத்தருக்கு வலி. நூறு பேருக்குப் போட்டா நூறு பேருக்கு வலி. யாருக்குமே போடலன்னா? பூஜ்யம்! இப்பிடித்தாம்மா நாங்க வலிய ஒழிச்சோம்."

"ஆம்பளைங்களுக்குப் போடறீங்களே சார்?"

"அவங்க கத்துவாங்கம்மா, குழு அத கணக்குல சேக்காது. உங்கள மாதிரி பொறுமை அவங்களுக்கு ஏது? பொம்பளைங்க பொறுத்துக்குவீங்க. அந்தத் தாய்மைக்கு நான் தலை வணங்கறேன்."

உண்மையாகவே தலை வணங்கினார். கேமராக்காரர் படம் எடுத்துக்கொண்டார். சரியாக வரவில்லை என்றதால் இன்னொரு தரம் வணங்கினார். அவர்கள் போனதும், அடுத்து பாஞ்சாலை என்று பெயர் கூப்பிட்டார்கள்.

உள்ளே டாக்டர் அருணாதேவி கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். பெண் டாக்டர் என்று தெரிந்ததும் பாஞ்சாலைக்குக் கண் கலங்கிவிட்டது. பெண்ணுக்குப் பெண் தெரியாமலா போகும் என்று நினைத்துவிட்டாள். மேஜையில் ஏறிப் படுத்தாள். காலை இரண்டு பக்கமும் தூக்கி வைத்தார்கள். விளக்கு வெளிச்சம் சூடாக இருந்தது. தொடை நடுங்குவதை நிறுத்தப் பார்த்தாள்; அது தன்னுடைய தொடை மாதிரியே இல்லை.

"பிள்ளைங்க நார்மலா, சிசேரியனாம்மா?"

"மூத்தவன் நார்மலுங்க. சின்னவ ஆபரேசன்."

"ரொம்ப சௌகரியம். மூத்தவன் நார்மல்னா, வலின்னா இன்னான்னு பாத்தவங்க நீங்க; அதுக்கு முன்னாடி இது ஒண்ணுமே இல்ல. சின்னவ சிசேரியன்னா, வலி பாக்காம பெத்தவங்க நீங்க. இது வலியா இல்லையான்னு உங்களால சொல்ல முடியாது. ரெண்டு வழிலயும் ஊசி வேணாம்."

"நீங்களும் பொம்பளதானேம்மா. உங்களுக்கு இத பண்ணிக்கினது உண்டுங்களா?"

"ரெண்டு வருஷம் முன்னாடி பண்ணிக்கினேனே. மெட்ராஸ்ல."

"ஊசி?"

"ஊசியா? முழு மயக்கமே குடுத்துட்டாங்க." அருணாதேவி ஒளிவுமறைவு இல்லாதவர். "நான் டாக்டர்மா. எவ்ளோ வலிக்கும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கினு எப்பிடிப் படுக்கறது? உங்களுக்குத் தெரியாதில்ல, அதான் உங்களுக்குத் தேவப்படாது."

சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தார். முதலில் கர்ப்பப்பையின் வாயை ஒரு கிடுக்கி கவ்விப் பிடித்தது. அவ்வளவுதான். சதை எடுப்பது அதற்கப்புறம்தான், அது ஆயத்தம் மட்டுமே. பாஞ்சாலைக்கு இடுப்புக்குக் கீழே எல்லாம் ஒரே இடத்தில் சுருட்டி முறுக்கப்பட்டது. கண்ணில் இருட்டு வந்தது. நெற்றியிலும் உள்ளங்காலிலும் ஒரே நேரத்தில் வியர்த்தது.

"சொல்லுங்கம்மா, அண்ணாமலையாருக்கு..." என்று நர்ஸ் எடுத்துக் கொடுத்தார்.

வாசலில் சால்வைக்காரரின் குரல் கேட்டது. "வாங்க சார், வாங்க, இதான் நம்ம மகளிர் பிரிவு." தரக்குழு வந்துவிட்டது. கதவுக்கு வெளியே நிற்கிறது.

பாஞ்சாலை வீராங்கனை இல்லை. வரப்பில் சாரைப்பாம்பைப் பார்த்தால்கூட வீடு வரை ஓடுகிறவள்தான். அந்த நேரத்தில் அவளைப் பேச வைத்தது முழுக்க முழுக்கப் பயம். இன்னொரு தரம் அந்தக் கிடுக்கி அசைந்தால் செத்துவிடுவோம் என்று நிச்சயமாக நம்பினாள். சாகப்போகிறவளுக்கு நந்தினி மேடம் என்ன, குழு என்ன?

"அத நான் சொல்ல மாட்டேன்" என்றாள். "எங்க அண்ணாமலையாரு இன்னா பண்ணாரு, அவரு பேரச் சொல்லிக் கத்தறதுக்கு? எனக்கு ஊசி போடுங்க. போடலன்னா நான் வலிக்குதுன்னுதான் கத்துவேன். வலிக்குதுன்னே கத்துவேன். மலைக்குக் கேக்கற மாதிரி கத்துவேன்."

டாக்டரின் கை நின்றது. நர்ஸ் டாக்டரைப் பார்த்தார், டாக்டர் கதவைப் பார்த்தார். அந்த அறையில் மூன்று பேரும் பயந்துபோயிருந்தார்கள். ஆனால் அதில் ஒருத்திதான் கால் தூக்கிப் படுத்திருந்தாள். கதவுக்கு அப்பால் யாரோ கனமான குரலில், "நோயாளிகள் என்ன உணர்கிறார்கள் என்பதே எங்களுக்கு முக்கியம்" என்று சொன்னது தெளிவாகக் கேட்டது.

அருணாதேவி நர்ஸின் காதில் சொன்னார். "ஓடு. நகம் எடுக்கற ரூம்ல ஒரு ஊசி கேட்டு வாங்கிக்கினு வா. யாரு கண்ணுலயும் படக் கூடாது."

நர்ஸ் பின்வாசல் வழியாகப் போய், கோயில் விபூதிப் பொட்டலத்தின் உறைக்குள் வைத்து ஊசியைக் கொண்டுவந்தார். கஞ்சா கடத்துகிறவர்கள்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டார்கள். ஊசி ஏறியது, அதுவும் குத்தியது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் முறுக்கியிருந்தது ஒவ்வொன்றாக அவிழ்ந்து, கீழே எல்லாம் கனத்து, எங்கோ தூரத்தில் போய்விட்டது. டாக்டர் சதை எடுக்கிற குழாயை உள்ளே விட்டார். யாரோ அடுத்த வீட்டில் வேலை செய்கிற மாதிரி லேசாக ஏதோ நடந்தது. பாஞ்சாலைக்கு அழுகை வந்தது. இவ்வளவுதானா, இவ்வளவு சுலபமாகச் செய்ய முடிகிறதையா அந்தச் சின்னப் பெண்ணுக்குச் செய்யாமல் விட்டார்கள் என்று அழுதாள். சத்தமில்லாமல்தான் அழுதாள்.

சத்தமில்லாததுதான் வினையாகிவிட்டது.

வெளியே பெஞ்சு காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. முதல் 'அண்ணாமலையாருக்கு' இந்நேரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டாவதும் வரவில்லை. குழுவின் தலைவர் ராஜேந்திரன், ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி, நின்றபடியே காபி குடித்து முடித்துவிட்டார். உள்ளே மூச்சு பேச்சு இல்லை. வேதா கதவருகே போனாள். கத்தினால் உயிரோடு இருக்கிறாள் என்று அர்த்தம். கத்தவில்லை என்றால்?

"அக்கா!" என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. "ஐயோ, அக்கா போயிட்டாங்கடி!"

பெஞ்சு மொத்தமும் எழுந்து கதவின் மேல் விழுந்தது. நந்தினி குறுக்கே கை நீட்டினார். கையோடு சேர்த்து அவரையும் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். பின்னால் ராஜேந்திரனும், அவருக்குப் பின்னால் வெளுத்துப்போன சக்கரவர்த்தியும் வந்தார்கள். பாஞ்சாலை அதற்குள் எழுந்து உட்கார்ந்து புடவையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். துளி சதை பத்திரமாகச் சின்னக் குப்பியில் மிதந்தது.

"வலிக்கலையாக்கா?" என்றாள் வேதா.

"வலிக்கலடி. ஊசி போட்டாங்க. ஒண்ணுமே தெரியல."

அந்த அறையில் அதற்கு முன்னால் எத்தனையோ பேர் வலி இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். நிஜமாகவே வலிக்காமல் ஒருத்தி சொன்னது அன்றைக்குத்தான். சக்கரவர்த்தி கண்ணை மூடிக்கொண்டார். ராஜேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"ஊசி பயன்படுத்தியிருக்கீங்களா?"

நர்ஸ் விபூதி உறையைக் கைக்குள் கசக்கினார்.

"அம்மா, உங்களுக்கு வலி இருந்ததா, இல்லையா?"

"இல்லீங்க சாமி. ஊசி போட்டதால வலிக்கல."

"வலிக்கலன்னா ஊசி எதுக்கு?"

"போடலன்னா வலிச்சிருக்கும்ல சாமி."

"ஆக, வலி இருக்குது" என்று ராஜேந்திரன் முடித்தார். சக்கரவர்த்தியைப் பார்த்து வருத்தத்தோடு பேசினார். "நாங்க இந்த மாவட்டத்துல எத்தனையோ இடம் பாத்துட்டோம். மகளிர் பிரிவுல ஒரு ஊசி இல்லாம, ஒரு மாத்திரை இல்லாம, வலிய முழுசா ஒழிச்ச ஒரே ஆஸ்பத்திரி இதுன்னு நம்பிக்கினு இருந்தோம். இப்பிடி ஏமாத்திட்டீங்களே டாக்டர்." சால்வையை வாங்காமலே போய்விட்டார். பட்டம் பறிபோனது.

அன்று மத்தியானம் சக்கரவர்த்தி அறையைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மகளிர் பிரிவில் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. மேஜையில் வேதா படுத்திருந்தாள். அருணாதேவி கிடுக்கியை எடுத்தார், யோசித்தார், கீழே வைத்தார். "பட்டம்தான் போயிடுச்சே" என்றார், யாரிடம் என்றில்லாமல். "இனிமே ஊசி போட்டா இன்னா கெட்டுடப் போவுது?" நர்ஸ் மறைக்காமல் முன்வாசல் வழியாகவே போய் ஊசி வாங்கி வந்தார்.

விஷயம் ஊருக்குள் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? சகாதேவனே கீழ்பென்னாத்தூர் முழுக்க சொல்லிவிட்டார், ஊசி கேட்கச் சொல்லி யோசனை கொடுத்தது தான்தான் என்று சேர்த்து. வருஷக்கணக்கில் உதிரத்தையும் கட்டியையும் முந்தானைக்குள் மூடிக்கொண்டு, பயத்தில் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைக்காத பெண்கள் வண்டி வண்டியாக வந்து இறங்கினார்கள். பட்டம் போன மருத்துவமனை எது என்று விசாரித்துக்கொண்டு வந்தார்கள். பெஞ்சில் இடம் போதவில்லை. அறையிலிருந்து அண்ணாமலையார் பேர் கேட்காததால் ஆட்டோக்காரர்களுக்கும் என்னவோ போல் இருந்தது.

சக்கரவர்த்தி சில நாளில் தேறி எழுந்தார். ஊழியர்களைக் கூட்டி வைத்து உருக்கமாகப் பேசினார். இந்த அவமானம் ஒரு வருஷத்துக்குத்தான், அடுத்த கார்த்திகை தீபம் முடிந்த கையோடு குழுவை மறுபடி அழைத்திருக்கிறேன், அதற்குள் மகளிர் பிரிவில் ஒரு ஊசி இருக்கக் கூடாது, மறுபடியும் நாம் வலியை ஒழித்தே தீருவோம் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அருணாதேவியும் தட்டினார்.

பாஞ்சாலைக்கு முடிவு வந்த அன்று, அவள் டாக்டரின் எதிரில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். முதல் பயம், யாரிடமும் சொல்லாத அந்தப் பயம், அவளோடு வந்து உட்கார்ந்திருந்தது. அருணாதேவி படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"புத்து இல்லம்மா."

பாஞ்சாலை மேஜையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். டாக்டர் அழுது முடிக்க விட்டார்.

"ஆனா உள்ள சுவரு கொஞ்சம் தடிச்சிருக்குது. மாத்திரை எழுதித் தர்றேன், விடாம சாப்பிடணும். அடுத்த வருஷம் இதே மாதிரி துளி சதை எடுத்து இன்னொரு தரம் பாத்துடணும். பாக்காம விட்டா மாறிடும்."

"மறுபடியுங்களா?" பாஞ்சாலை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "எப்ப வரணுங்க?"

"ஒரு வருஷம் கழிச்சு வாங்க" என்றார் அருணாதேவி. அப்புறம் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். மேஜைக்கு மேலே குனிந்து, தலைமை மருத்துவரின் காதில் விழாத குரலில் சொன்னார்.

"தீபத்துக்கு முன்னாடியே வந்துடுங்கம்மா."